கோழிப் பண்ணையில் வீரியம் குறைந்த பறவைக் காய்ச்சல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பறவைக் காய்ச்சல் என்றதும் ஆலப்புழைப் பக்கம் வாத்துகளைக் கொன்று புதைக்கும் தொலைக்காட்சிக் காட்சிதான் பலருக்கு நினைவுக்கு வரும். இங்கே பேசப்போவது அதன் சாதுவான உறவினரைப் பற்றி. கோழியைக் கொத்துக்கொத்தாகக் கொல்லாமல், முட்டையைக் குறைத்துக்கொண்டு பண்ணைக்குள்ளேயே தங்கிவிடும் எச்9என்2 வைரஸ் அது. நாமக்கல் முட்டைப் பண்ணையாளர்களும் பல்லடம் பக்கத்துக் கறிக்கோழி வளர்ப்பவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

‘வீரியம் குறைந்தது’ என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

கோழி சாவதை வைத்து. வைரஸின் மேற்பரப்பில் உள்ள இரண்டு புரதங்களை வைத்து எச்5என்1, எச்9என்2 என்று பெயர் வைக்கிறார்கள். வீரியம் என்பது தனிக் கணக்கு. நான்கு முதல் எட்டு வார வயதுள்ள கோழிகளுக்கு இரத்தக் குழாய் வழியே வைரஸைச் செலுத்திப் பார்ப்பார்கள். 75 சதவீதமோ அதற்கு மேலோ இறந்தால் அது அதிவீரிய வகை. எச்5, எச்7 வகைகளில், மரபணுவின் ஒரு குறிப்பிட்ட பகுதியைப் படித்தே முடிவு சொல்லிவிடலாம். இந்த வரையறைக்குள் வராதவை எல்லாம் ‘வீரியம் குறைந்தவை’.

ஆய்வகக் கூண்டில் உள்ள கோழிக்கு வேறு நோய் கிடையாது, நல்ல காற்று உண்டு. அம்மோனியா நெடி அடிக்கும் ஷெட்டில், ஏற்கெனவே சளி பிடித்துக் கிடக்கும் கோழிக்கு இந்த வைரஸ் என்ன செய்யும் என்பதை அந்தப் பெயர் சொல்லாது. பண்ணையாளரின் வங்கிக் கணக்கில் என்ன செய்யும் என்பதையும் சொல்லாது.

எச்9என்2 எப்போது இங்கே வந்தது?

1966இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வான்கோழிகளிடம்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். 1990களில் சீனாவில் கோழிகளிடையே பரவத் தொடங்கி, ஆசியா, மேற்காசியா, வட ஆப்பிரிக்கா என்று வேர்விட்டுவிட்டது. இந்தியாவில் 2000களின் தொடக்கத்திலிருந்தே கோழிகளில் கண்டறியப்பட்டு வருகிறது. இங்கே உலவுவது பெரும்பாலும் ஜி1 எனப்படும் வழிமரபு.

ஒப்பிட்டுப் பார்க்க: அதிவீரிய எச்5என்1 இந்தியாவில் முதன்முதலாக 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் உறுதியானது. அது வரும்போது தலைப்புச் செய்தியாக வருகிறது, கோழிகளை அழித்த பிறகு அந்த இடத்தைவிட்டுப் போகிறது. எச்9என்2 அப்படிப் போவதே இல்லை.

கோழி சாகவில்லை என்றால் எதற்குக் கவலைப்பட வேண்டும்?

ஐம்பதாயிரம் முட்டைக் கோழிகள் உள்ள ஒரு பண்ணையை எடுத்துக்கொள்வோம். 90 சதவீத உற்பத்தியில் நாளொன்றுக்கு 45,000 முட்டை. அது 70 சதவீதமாக இறங்கினால் 35,000. தினமும் பத்தாயிரம் முட்டை போகிறது, தீவனச் செலவோ பெரிதாகக் குறைவதில்லை. இரண்டு வாரம் நீடித்தால் 1,40,000 முட்டை. அதன் பிறகும் எல்லாக் கோழியும் பழைய உச்சத்துக்குத் திரும்பும் என்ற உத்தரவாதம் இல்லை. ஓடு வெளுத்த முட்டை, ஓடில்லாத தோல் முட்டை, கீறல் முட்டை என்று கழிவும் கூடும். ஒரு கோழிகூடச் சாகாமலேயே இவ்வளவு நட்டம்.

இரண்டாவது, இந்த வைரஸ் தனியாக வருவது அபூர்வம். வீரியம் குறைந்த வகைகள் உயிரணுவுக்குள் நுழைய, அவற்றின் மேற்பரப்புப் புரதம் ஒரு நொதியால் வெட்டப்பட வேண்டும். அந்த நொதி கோழியின் மூச்சுக்குழாயிலும் குடலிலும்தான் உண்டு. அதனால்தான் நோய் அங்கேயே நின்றுவிடுகிறது. அதிவீரிய வகைகளை வெட்டும் நொதியோ உடல் முழுவதும் இருக்கிறது. அதனால் அவை மூளை, இதயம் வரை போகின்றன. சில பாக்டீரியாக்கள் தாங்களே அப்படி வெட்டும் நொதியைச் சுரக்கின்றன. ஆகவே வேறு கிருமிகள் இருக்கும் கோழியில் இந்தச் சாது வைரஸ் தன் எல்லையைத் தாண்டிவிடுகிறது. மைக்கோபிளாஸ்மா, ஈ.கோலை பாக்டீரியாக்கள், ஐ.பி. எனப்படும் மூச்சுக்குழல் அழற்சி ஆகியவற்றோடு சேரும்போது சாவும் கூடுகிறது.

எச்9என்2 ஒருநாள் எச்5என்1 போலக் கொல்லும் வகையாக மாறிவிடுமா?

இயற்கையில் அப்படி மாறியது எச்5, எச்7 வகைகள்தான். அந்த மாற்றம் எப்படி நடக்கும் என்பதற்குப் பாடமாகச் சொல்லப்படுவது 1983இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நடந்தது. ஏப்ரலில் எச்5என்2 சாதாரணச் சளியாக, முட்டைக் குறைவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அக்டோபரில் அதே வைரஸ் கோழிகளைக் கொல்லத் தொடங்கியது. அடக்கி முடிப்பதற்குள் ஏறத்தாழ 1.7 கோடி பறவைகளை அழிக்க வேண்டியிருந்தது. இத்தாலியில் 1999இல் எச்7என்1 இதே கதையைத் திரும்ப எழுதியது: மார்ச்சில் சாது, டிசம்பரில் கொலையாளி. அங்கேயும் கோடிக்கு மேற்பட்ட பறவைகள் போயின.

எச்9என்2 தானே கொலையாளியாக மாறாவிட்டாலும் அதைச் சும்மா விட முடியாது, அது தன் மரபணுக்களை மற்ற வைரஸ்களுக்குக் கடன் கொடுக்கும். 2013இல் சீனாவில் மனிதர்களைத் தாக்கிய எச்7என்9, தன் உள் மரபணுக்களை எச்9என்2விடமிருந்துதான் பெற்றது. அந்த எச்7என்9 தொடக்கத்தில் கோழிகளுக்கு ‘வீரியம் குறைந்தது’. கோழிகள் இருமக்கூட இல்லை. மனிதர்களில் 1,500க்கு மேற்பட்டோருக்கு நோய் உறுதியாகி, அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீரியம் என்ற சொல் கோழியைப் பற்றி மட்டுமே பேசுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

பண்ணையில் முதலில் எதில் தெரியும்?

தினசரிப் பதிவேட்டில். இருமலும் தும்மலும் காதில் விழுவதற்கு முன்பே தண்ணீர்க் கணக்கில் சறுக்கல் தெரியும். ஒரு முட்டைக் கோழி நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும், அதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு எடைக்குத் தண்ணீர் குடிக்கும். வெயில் காலத்தில் இன்னும் கூடும். ஷெட்டுக்கு ஒரு தண்ணீர் மீட்டர் வைத்துத் தினமும் ஒரே நேரத்தில் எண்ணை எழுதுங்கள். பண்ணையில் இவ்வளவு மலிவான நோய் கண்டறியும் கருவி வேறில்லை. ஆனால் நம் பண்ணைகளில் பலவற்றில் தண்ணீரை யாரும் அளப்பதில்லை. மோட்டார் ஓடியதா, தொட்டி நிறைந்ததா, அதோடு சரி.

பதிவேட்டை எப்படிப் படிப்பது? ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் ஓர் அளவுகோல் வகுத்தது: தீவனம் அல்லது தண்ணீர் 20 சதவீதத்துக்கு மேல் குறைவது, முட்டை 5 சதவீதத்துக்கு மேல் குறைந்து இரண்டு நாளுக்கு மேல் நீடிப்பது, வாரச் சாவு 3 சதவீதத்தைத் தாண்டுவது. இவற்றில் எது நடந்தாலும் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். முட்டைக்கான அளவு நமக்கும் பொருந்தும். தீவனத்தில் 20 சதவீதம் என்பது எச்9என்2க்கு மிகத் தாராளம் என்பேன். அவ்வளவு இறங்கும்வரை காத்திருந்தால் பக்கத்து ஷெட்டுக்கும் போய்விடும். உங்கள் ஷெட்டின் போன வார எண்தான் உங்களுக்குச் சரியான அளவுகோல்.

முட்டை எடுக்கும் பெண்களையும் கேளுங்கள். எந்த வரிசையில் தோல் முட்டை விழுகிறது, எந்தக் கூண்டில் கோழி முகம் வீங்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறது என்பதை மேலாளருக்கு முன்பே அவர்கள் பார்த்திருப்பார்கள். கேட்காததால் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கறிக்கோழியில் எப்படி இருக்கும்?

முட்டைக் கணக்கு இல்லாததால் அங்கே கண்டுபிடிப்பது தாமதம். மூன்று, நான்கு வார வயதில் கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்கும். தீவனம் தின்பது குறையும், எடை ஏறாது. செத்த கோழியின் மூச்சுக்குழாயை நீளவாக்கில் வெட்டி, அது இரண்டாகப் பிரியும் கவட்டை வரை திறந்து பாருங்கள். மஞ்சள் கலந்த வெள்ளையில், கெட்டியான பாலாடைக்கட்டி போன்ற ஓர் அடைப்பு அந்தக் கவட்டையில் சிக்கியிருக்கும். கோழி நுரையீரல் கெட்டுச் சாவதற்கு முன்பே இந்த அடைப்பால் மூச்சு முட்டிச் சாகிறது. இது எச்9என்2வோடு ஐ.பி., ஈ.கோலை சேரும்போது அதிகம் காணப்படும் காட்சி. ஆனால் இதை மட்டும் வைத்து நோயின் பெயரைச் சொல்லிவிட முடியாது.

ஒப்பந்தப் பண்ணைகளில் கம்பெனி சூப்பர்வைசர் வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

வெள்ளைக் கழிச்சலா, ஐ.பி.யா, எச்9என்2வா என்று பார்த்தே சொல்ல முடியாதா?

முடியாது. அனுபவமுள்ள மருத்துவரும் ஊகம்தான் சொல்வார். வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்ட முட்டைக் கோழியில் அந்த நோய் மெலிதாக வந்தால், அதுவும் முட்டைக் குறைவாகத்தான் தெரியும். தீவனத்தில் பூஞ்சை நஞ்சு இருந்தாலும் முட்டை குறையும். அதைவிட முக்கியம்: அதிவீரிய எச்5என்1கூட முதல் நாளில் சில கோழிகளின் சாவாகத்தான் தொடங்கும். ஆகவே ‘இது சும்மா எச்9’ என்று வீட்டிலிருந்தே முடிவு கட்டுவது ஆபத்தான பழக்கம்.

மாதிரியை எப்படி எடுக்க வேண்டும்? எத்தனை கோழியில்?

மாதிரி எடுப்பது கால்நடை மருத்துவரின் வேலை, ஆனால் சரியாக எடுக்கிறார்களா என்று பார்க்க உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முகக்கவசம், கையுறை போட்ட ஒருவர் கோழியைப் பிடித்து அலகைத் திறப்பார். மற்றவர் பஞ்சுக் குச்சியைத் தொண்டையின் பின்பக்கம், மூச்சுத் துளையைச் சுற்றித் தேய்த்து எடுப்பார். சளி ஒட்டியிருக்க வேண்டும். உலர்ந்த குச்சி வந்தால் திரும்ப எடுக்க வேண்டும். இன்னொரு குச்சியை ஆசனவாய்க்குள் விட்டுச் சுழற்றி எடுப்பார்கள். எச்9என்2 மூச்சுப்பாதையில்தான் அதிகம் பெருகுவதால், தொண்டைக் குச்சியே இங்கே முக்கியம். குச்சியை வைரஸ் கடத்துத் திரவம் உள்ள குப்பியில் போட்டுப் பனிக்கட்டிப் பெட்டியில் வைக்க வேண்டும். வெயிலில் பைக் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோன மாதிரியில் வைரஸ் இல்லை என்று முடிவு வந்தால் அதற்கு எந்த மதிப்பும் இல்லை.

எண்ணிக்கைக்கு எளிய கணக்கு உண்டு. ஷெட்டில் பத்தில் ஒரு கோழிக்கு நோய் இருந்தால், முப்பது கோழியில் எடுத்தால் அதில் ஒன்றாவது சிக்குவதற்கு 95 சதவீத வாய்ப்பு. இருபதில் ஒன்றுக்குத்தான் நோய் என்றால் அறுபது கோழி வேண்டும். இந்தக் கணக்கு ஷெட் முழுவதிலும் பரவலாக எடுத்தால் மட்டுமே செல்லும். வாசலுக்குப் பக்கத்துக் கூண்டிலேயே முப்பதையும் எடுத்துவிட்டு வருவது கணக்கில் சேராது. நோய் தெரிகிற ஷெட் என்றால் இந்தக் கணக்கே வேண்டாம், மூச்சு வாங்கும் கோழியையும் அன்று செத்த கோழியையும் தேடி எடுங்கள்.

நேரமும் முக்கியம். குச்சியில் வைரஸ் கிடைப்பது பெரும்பாலும் முதல் வாரத்தில். இரண்டு வாரம் மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டு ஆய்வகத்துக்குப் போனால், திருடன் போன பிறகு நாயை அவிழ்த்துவிட்ட கதைதான்.

ஆய்வகத்தில் என்ன செய்கிறார்கள்?

முதலில் பி.சி.ஆர். சோதனையில், இது இன்ஃப்ளூயன்சா ஏ வகைதானா என்று பார்ப்பார்கள். ஆம் என்றால் எச்5, எச்7, எச்9 என்று வகை பிரிப்பார்கள். வைரஸையே வளர்க்க வேண்டுமென்றால் ஒன்பது முதல் பதினோரு நாள் கருவுள்ள முட்டையில் செலுத்துவார்கள். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பதால் முதற்கட்ட நோயறிதலுக்கு நம் பண்ணையாளர்கள் நெடுந்தூரம் அலைய வேண்டியதில்லை. அதிவீரிய வகை என்ற சந்தேகம் எழுந்தால் மாதிரி போபாலில் உள்ள தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய்கள் நிறுவனத்துக்குப் போகும். அங்கிருந்து வரும் சொல்லே இறுதி.

இரத்தப் பரிசோதனையில் எச்9 டைட்டர் (எதிர்ப்பொருளின் அளவு) வந்திருக்கிறது. நோய் இருக்கிறது என்று பொருளா?

நோய் வந்து போயிருக்கிறது, அல்லது தடுப்பூசி போட்டிருக்கிறீர்கள் என்று பொருள். எதிர்ப்பொருள் உருவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால் இன்று நோய் உள்ள கோழியில் டைட்டர் இல்லாமலும், என்றோ குணமான கோழியில் உயர்ந்தும் இருக்கலாம். ஒரே ஓர் இரத்த முடிவை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. அதே ஷெட்டில் இரண்டு, மூன்று வாரம் கழித்துத் திரும்ப எடுத்து, எண் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தடுப்பூசி போடாத ஷெட்டில் டைட்டர் திடீரென ஏறினால் அதைவிடத் தெளிவான தடயம் வேண்டாம்.

அரசுக்குச் சொன்னால் எல்லாக் கோழியையும் அழித்துவிடுவார்களே?

இந்தப் பயம்தான் கண்காணிப்பின் முதல் எதிரி. கோழிகளை ஒட்டுமொத்தமாக அழிக்கும் நடவடிக்கை அதிவீரிய வகைக்கு உரியது. மத்திய அரசின் 2021 செயல்திட்டப்படி, நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தொற்று மண்டலம், அங்கிருந்து பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பு மண்டலம். அழிக்கப்பட்ட கோழிகளுக்கு இழப்பீட்டை மத்திய, மாநில அரசுகள் பாதிப்பாதி ஏற்கின்றன. எச்9என்2க்காக இந்தியாவில் கோழிகளை இப்படி அழிப்பதில்லை.

உலக விலங்கு நலவாழ்வு அமைப்பும் 2021இல் விதிகளை மாற்றி, வீரியம் குறைந்த எச்5, எச்7 வகைகளைப் பொதுவாக உடனடி அறிவிப்புப் பட்டியலிலிருந்து தளர்த்தியது. திடீரென வீரியம் கூடினாலோ, மனிதர்களுக்குத் தொற்றிக் கடுமையான விளைவை உண்டாக்குவது நிரூபணமானாலோ அறிவிக்க வேண்டும். வணிகத் தடைக்குப் பயந்து நாடுகள் தேடாமலேயே இருந்துவிடக் கூடாது என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதிகாரபூர்வக் கண்கள் விலகும் இடத்தில் பண்ணையின் சொந்தக் கண்காணிப்பு கூட வேண்டும். நடைமுறையில் அது கூடவில்லை.

சந்தேகமான நோயைக் கிராம அலுவலருக்கோ ஊராட்சிக்கோ தெரிவிப்பது, 2009ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி உரிமையாளரின் கடமை. எந்த வகை என்று உங்களுக்குத் தெரியாது என்பதால், தெரிவித்துவிடுவதே உங்களுக்குப் பாதுகாப்பு.

தடுப்பூசி இருக்கிறதா?

இருக்கிறது. இந்தியாவில் அதிவீரிய வகைக்கான தடுப்பூசியைப் பண்ணைகளில் போடும் வழக்கம் இல்லை. எச்9என்2க்கு வழி திறந்திருக்கிறது. போபால் நிறுவனம் உருவாக்கிய செயலிழக்கப்பட்ட எச்9என்2 தடுப்பூசியின் தொழில்நுட்பம் 2022இல் நான்கு தனியார் நிறுவனங்களுக்கு வழங்கப்பட்டது. எண்ணெய் கலந்த ஊசி மருந்து இது, தண்ணீரில் கலந்து கொடுக்க முடியாது. ஒவ்வொரு கோழியையும் பிடித்துத்தான் போட வேண்டும். முட்டைக் கோழிக்கு முட்டையிடத் தொடங்கும் முன்பே தவணைகளை முடித்துவிடுவது வழக்கம். எந்த வயதில், எத்தனை தடவை என்பதை உங்கள் பகுதி நிலவரம் தெரிந்த மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

தடுப்பூசி முட்டை இழப்பைக் குறைக்கும், கோழி வெளியேற்றும் வைரஸின் அளவைக் குறைக்கும். தொற்றையே வரவிடாமல் தடுக்காது. ‘ஊசி போட்டாயிற்று, இனி வாசலில் மருந்து தெளிக்க வேண்டாம்’ என்று நினைப்பவர்கள், தடுப்பூசியே போடாதவர்களைவிட ஆபத்தான அண்டை வீட்டுக்காரர்கள். அவர்கள் கோழி நன்றாகத் தெரியும், ஆனால் வைரஸ் வெளியே வந்துகொண்டே இருக்கும்.

தடுப்பூசி போட்ட பண்ணையில் கண்காணிப்பது எப்படி?

எல்லாக் கோழிக்கும் எதிர்ப்பொருள் இருப்பதால் இரத்தச் சோதனை குழப்பும். ஒவ்வொரு ஷெட்டிலும் சில கோழிகளுக்கு அடையாள வளையம் போட்டு, தடுப்பூசி போடாமல் விட்டுவையுங்கள். அவற்றின் இரத்தத்தை அவ்வப்போது சோதியுங்கள். அவற்றில் டைட்டர் வந்தால் வைரஸ் உள்ளே நடமாடுகிறது. கூடவே, மாதந்தோறும் செத்த கோழிகளில் தொண்டைக் குச்சி எடுத்து பி.சி.ஆருக்கு அனுப்பலாம். தடுப்பூசியையும் மீறி முட்டை குறைந்தால் வைரஸ் மாறியிருக்கலாம். அந்த மாதிரியை வகை பிரித்து, மரபணு வரிசை படிக்க வைப்பது தடுப்பூசியைப் புதுப்பிக்க உதவும்.

என்ன மருந்து கொடுக்கலாம்?

வைரஸுக்கு மருந்து இல்லை. ஆன்டிபயாட்டிக் எச்9என்2வைத் தொடாது. பின்னால் வரும் பாக்டீரியாவுக்காக மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும், உரிய விலக்குக் காலத்தோடு (மருந்து கொடுத்த பின் முட்டையையும் கறியையும் விற்கக் கூடாத நாட்கள்) கொடுக்க வேண்டும். கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கை உணவுக்கான விலங்குகளில் பயன்படுத்துவதை மத்திய அரசு 2019இல் தடை செய்துவிட்டது. மனிதர்களுக்கான வைரஸ் மருந்தைக் கோழிக்குக் கொடுக்கலாமா என்று சிலர் காதோடு காதாகக் கேட்கிறார்கள். கூடாது. சீனாவில் அமாண்டடினைக் கோழிகளுக்குக் கொடுத்து, வைரஸ் அதற்கு மசியாத நிலை உண்டாகி, 2005இல் தடை போட வேண்டி வந்தது. ஷெட்டில் காற்றோட்டத்தைக் கூட்டி அம்மோனியாவைக் குறைப்பதுதான் கோழிக்கு உண்மையில் உதவும்.

எந்த வழியாக வருகிறது? எதை முதலில் அடைப்பது?

கோழி எச்சமும் சளியும் எதில் ஒட்டுமோ, அதில் ஏறி வரும். முதல் சந்தேகம் முட்டை அட்டை மீது. ஒரு காகித அட்டை பண்ணையிலிருந்து மொத்த வியாபாரிக்கு, அங்கிருந்து மளிகைக் கடைக்கு, திரும்ப வேறொரு பண்ணைக்கு என்று சுற்றுகிறது. அதைக் கையில் எடுத்துப் பாருங்கள்: குழிகளில் உடைந்த முட்டையின் மஞ்சள் கரு காய்ந்திருக்கும், ஓரத்தில் எச்சம், இரண்டொரு இறகு. காகிதத்தைக் கழுவவும் முடியாது. பிளாஸ்டிக் அட்டை என்றால் கழுவி மருந்தில் முக்கி எடுக்கலாம். காகித அட்டை என்றால் புதியது மட்டும் வாங்குங்கள், திரும்பி வந்ததை ஷெட்டுக்குள் விடாதீர்கள். சில காசு மிச்சம் பிடிப்பதற்காக ஊரில் உள்ள அத்தனை பண்ணையின் நோயையும் விலைக்கு வாங்குவது என்ன வியாபாரமோ தெரியவில்லை.

அடுத்தது, முட்டை நின்ற கழிவுக் கோழிகளை ஏற்ற வரும் லாரி. ஒரே நாளில் மூன்று, நான்கு பண்ணைகளில் ஏற்றும். காலிக் கூண்டுகளில் போன பண்ணையின் எச்சம் காயாமல் இருக்கும். லாரி வெளி கேட்டிலேயே நிற்கட்டும், உங்கள் வண்டியில் கோழியைக் கொண்டுபோய் அங்கே மாற்றுங்கள். கோழிப் பிடிக்கும் ஆட்கள் பண்ணை தரும் செருப்பையும் உடையையும் போட்டுக்கொண்டு வர வேண்டும். தடுப்பூசி போடும் குழுவுக்கும் இதே விதி. எரு அள்ளும் லாரி, தீவன லாரி, செத்த கோழியைத் தூக்கும் நாயும் காக்கையும் அடுத்த வரிசை. தொழிலாளர்கள் வீட்டில் கோழியோ வாத்தோ வளர்க்கக் கூடாது என்று சேர்க்கும்போதே பேசிவிட்டு, மாதம் ஒரு தட்டு முட்டையை அவர்கள் வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். வளர்க்காதே என்று மட்டும் சொன்னால் நிற்காது.

எந்தக் கிருமிநாசினி நல்லது?

எதுவும். இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை இருப்பதால் குளுட்டரால்டிஹைடு, குவாட்டர்னரி அமோனியம், சோடியம் ஹைப்போகுளோரைட், ஏன், சோப்புத் தண்ணீர்கூடக் கொல்லும். எச்சத்தின் மேல் ஊற்றினால் மட்டும் எதுவும் கொல்லாது. முதலில் சுரண்டு, பிறகு கழுவு, பிறகு காயவிட்டு மருந்து போடு. வாசலில் பச்சைப் பாசி படிந்து, இறகு மிதக்கும் கால் தொட்டியைவிடத் தொட்டியே இல்லாமல் செருப்பை மாற்றுவது மேல்.

ஒரே பண்ணையில் பல வயதுக் கோழிகள் இருப்பது பிரச்சினையா?

பெரிய பிரச்சினை. வைரஸுக்கு எப்போதும் புதிதாக ஒரு கூட்டம் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. குணமான ஷெட்டிலிருந்து வளர்கோழி ஷெட்டுக்கும், அங்கிருந்து அடுத்த தொகுதிக்கும் போகும். எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றி, ஒன்றாக இறக்கி, இடையில் ஷெட்டைக் காலியாகப் போடுவது கறிக்கோழியில் முடியும். முட்டைப் பண்ணையில் மாதாமாதம் முட்டை வர வேண்டுமென்பதால் முடியாது என்பார்கள், அதுவும் உண்மை. குறைந்தபட்சம் குஞ்சு ஷெட்டையாவது வேறு இடத்தில், வேறு ஆட்களோடு வையுங்கள். அதுவும் இயலாதென்றால் வேலையை இளங்கோழியில் தொடங்கி முதிர்ந்த கோழியில் முடியுங்கள்.

உயிர்க்கோழி விற்கும் கடைகளுக்கு இதில் பங்கு உண்டா?

நிறைய. ஹாங்காங்கில் 2001 முதல் சந்தைகளில் மாதம் ஒருநாள் எல்லாக் கோழிகளையும் விற்று அல்லது அறுத்து முடித்து, கழுவிக் காலியாக விடும் ஓய்வு நாளைக் கொண்டுவந்தார்கள். காடை விற்பனையையும் நிறுத்தினார்கள். அதன் பிறகு சந்தைக் கோழிகளில் எச்9என்2 கிடைப்பது குறைந்தது. நம் கறிக்கடைகளில் நேற்றைய மிச்சக் கோழியோடு இன்றைய வரவைச் சேர்த்தே கூண்டில் அடைக்கிறார்கள். வாரம் ஒருநாள் கூண்டைக் காலி செய்து கழுவினாலே பாதி வேலை முடிந்தது. கடைக்குப் போன கோழி எக்காரணம் கொண்டும் பண்ணைக்குத் திரும்பக் கூடாது.

மனிதர்களுக்குத் தொற்றுமா?

அரிதாகத் தொற்றும், பெரும்பாலும் குழந்தைகளுக்கு, பெரும்பாலும் லேசாக. இந்தியாவில் முதலில் பதிவானது 2019இல், மகாராஷ்டிரத்தின் மேல்காட் பகுதியில் 17 மாதக் குழந்தைக்கு. இரண்டாவது, 2024இல் மேற்கு வங்கத்தில் நான்கு வயதுக் குழந்தைக்கு. அந்தக் குழந்தைக்கு மூச்சுத்திணறல் கடுமையாகி, சிகிச்சைக்குப் பின் குணமானது. மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொடர்ந்து பரவியதில்லை. நோய் கண்ட ஷெட்டில் வேலை செய்பவர்கள் முகக்கவசமும் கண்ணாடியும் அணியட்டும், குழந்தைகளை உள்ளே விடாதீர்கள். தொழிலாளருக்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் ‘கோழிப் பண்ணையில் வேலை’ என்று சொல்லச் சொல்லுங்கள், அவராகக் கேட்க மாட்டார்.

முட்டையும் கறியும் சாப்பிடலாமா?

நன்றாக வேகவைத்தால் தாராளமாக. 70 டிகிரி வெப்பம் உள்வரை ஏறினால் வைரஸ் இல்லை. நம் குழம்புக்கு அதைவிட அதிகம் கொதி வருகிறது.

இப்போதுதான் உறுதியானது. இன்று என்ன செய்வது?

அந்த ஷெட்டுக்குத் தனி ஆள், தனிச் செருப்பு, தனி வாளி. அந்த ஆள் வேறு ஷெட்டுக்குப் போக வேண்டாம். செத்த கோழியை எண்ணி எழுதிவிட்டுக் குழியில் சுண்ணாம்போடு புதையுங்கள் அல்லது எரியுங்கள், சாலையோரத்திலோ ஏரியிலோ வீசாதீர்கள். எரு வெளியே போவதை நிறுத்துங்கள். கோழியை அவசரமாக விற்றுத் தள்ள வேண்டாம். நோய் ஷெட்டைக் காலி செய்ய வியாபாரிக்கு மலிவு விலையில் தள்ளிவிடுவதுதான் ஒரு வட்டாரம் முழுவதும் நோய் பரவ எளிதான வழி. பக்கத்துப் பண்ணைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். நாளைக்கு அவர் பண்ணையில் வரும்போது அவரும் உங்களுக்குச் சொல்வார்.

முட்டை எப்போது பழைய நிலைக்கு வரும்?

பொதுவாகச் சில வாரங்களில் ஏறத் தொடங்கும். இளங்கோழி வேகமாகத் தேறும், முதிர்ந்த தொகுதி பழைய உச்சத்தைத் தொடாமலேயே போகலாம். ஐ.பி. அல்லது மைக்கோபிளாஸ்மா கூட இருந்தால் இன்னும் இழுக்கும். மூன்று வாரமாகியும் கோடு மேலே திரும்பவில்லை என்றால் வேறு ஏதோ இருக்கிறது. மறுபடி மாதிரி எடுங்கள், இம்முறை தீவனத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.